உள்ளே விட்ட துணி: நெகிரி செம்பிலான் தோட்டங்களின் முதல் வங்கி குறித்து ஓர் ஆய்வு

மலாயாத் தோட்டங்களைப் பற்றி எழுதிய அறிஞர்கள் கங்காணியை விடவில்லை, கள்ளுக்கடையை விடவில்லை, துரையின் நாயைக்கூட விடவில்லை. லயத்து வீட்டின் நீள அகலம் அளக்கப்பட்டுவிட்டது. பால்மரப் பட்டையின் கனம் அளக்கப்பட்டுவிட்டது. ஆளுக்கு எத்தனை மரம் என்ற கணக்கு ஆவணக் காப்பகங்களில் கட்டுக் கட்டாக இருக்கிறது. ஆனால் லாபுவின் கெர்பி தோட்டத்திலும், ரந்தாவின் லின்சம் தோட்டத்திலும், போர்ட்டிக்சன் பக்கத்துச் சுவா பெத்தோங்கிலும், பகாவ் வட்டாரத்துக் கெடிஸ், ஜெராம் பாடாங் தோட்டங்களிலும் ஆண்டு தவறாமல் நடந்துவந்த ஒரு பெரும் நிதி நடவடிக்கை எந்த ஆய்வேட்டிலும் ஏறவில்லை. அது பிள்ளைகளின் பாவாடைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பாவாடையின் ஓரத்தைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் பொருளியல் அறிஞர்களுக்கு இல்லை. திருப்பிப் பார்க்க அவர்களை யாரும் விட்டிருக்கவும் மாட்டார்கள். அந்த ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் பொருளை வரையறுப்போம். வளரும் பிள்ளைக்குத் துணி வெட்டும்போது "உள்ளே விட்டுத் தை" என்பது தோட்டத்துத் தாய்மாரின் மாறாத விதி. பாவாடை, கவுன், பள்ளிச் சீருடை ஆகியவற்றின் கீழ்ப்புறத்தில் மூன்று விரலோ நான்கு விரலோ உள்ளே மடித்து அடிப்பார்கள். சட்டையின் பக்கவாட்டில் இரண்டு விரல் உள்ளே நிற்கும். கால்சட்டையின் பின்தையலில், இடுப்பு பெருக்கப்போகும் நாளை எண்ணி ஒரு பட்டை காத்திருக்கும். இப்படி உள்ளே போன துணியால் உடுத்துகிறவருக்கு அன்றைக்கு ஒரு பயனும் இல்லை. முழங்காலில் உரசும் தொல்லை ஒன்றுதான் மிச்சம். காசு கொடுத்து வாங்கிய துணியில் ஒரு பகுதியை எவர் கண்ணிலும் படாமல் ஒளித்து வைப்பவர் ஒன்று புத்தி கெட்டவராக இருக்க வேண்டும், இல்லையேல் வங்கியாளராக இருக்க வேண்டும். இந்த ஆய்வு இரண்டாவதையே முடிபாகக் கொள்கிறது. உள்மடிப்பு வைப்புத்தொகை, தையலைப் பிரிப்பது பணமெடுப்பு, உடையே கணக்குப் புத்தகம். தோட்டத்தில் வீட்டுத் தையல் செழித்ததற்குக் கலையார்வம் காரணம் என்பாரும், சிக்கனம் காரணம் என்பாரும் உளர். வேறெந்த வங்கியும் அந்தச் செம்மண் சாலையில் சைக்கிள் மிதித்து உள்ளே வரவில்லை என்பதை இருசாராரும் மறந்துவிடுகிறார்கள்.

இங்கே தமிழ்நாட்டிலிருந்து ஒரு தடை எழும். துணி விட்டுத் தைப்பது எங்கள் ஊரிலும் உண்டே, இதில் நெகிரி செம்பிலானுக்கு என்ன தனிப்பெருமை என்பர். அற்றன்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்களின் உடை பெரும்பாலும் தைக்காத உடை: வேட்டி, துண்டு, சேலை. கிராமத்துப் பெண்களில் பலருக்கு ரவிக்கையே அப்போது புதிது. தைக்காத துணியில் மடித்தடித்த ஓரம் ஏது? ஓரம் இல்லாத இடத்தில் வைப்பு ஏது? சேலை முழுவதும் ரொக்கம். முழ நீளமும் வெளியே தெரியும், கேட்பவர் கேட்கலாம், கிழிப்பவர் கிழிக்கலாம். பால்மரக் காடுதான் இந்த நிலையை மாற்றியது. விடியுமுன் கொசுக்கடியில் நின்று மரம் வெட்ட முழுக்கைச் சட்டை வேண்டியிருந்தது. பால் தெறித்த துணி தேறாது என்பதால் பெண்கள் கைலிமேல் கணவரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் தோட்டத்துப் பள்ளிக்குப் போனதும் சீருடை வந்தது. எல்லாம் தைத்த உடைகள். கம்பம் எனப்படும் பக்கத்துக் கிராமத்து மலாய்ப் பெண்களோ இந்தச் சிக்கலை முன்பே வேறுவிதமாகத் தீர்த்திருந்தார்கள். பாஜு கூரோங் உடையின் அக்குளில் கெக்கெக் என்னும் சதுரத் துண்டும் பக்கவாட்டில் பெசாக் என்னும் பட்டையும் வைத்து, தொடக்கத்திலிருந்தே தொளதொளவென்று தைத்துவிடுவார்கள். அவர்களுடைய சேமிப்பு அகலத்தில் இருந்தது, எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அளவாக உடுத்தவும் வேண்டும், அடுத்த ஆண்டுக்கும் உதவ வேண்டும் என்ற இரட்டை ஆசைதான் உள்மடிப்பைப் பெற்றது.

இனி ஏன் சேமிக்க வேண்டியிருந்தது என்பது. 1930களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கியத் தோட்ட வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது தரக்கூலி. ரப்பர் விலை சரிந்தால் அதிலும் கை வைக்கப்படும். கூலி உயர்ந்த பிற்காலத்திலும் அதன் வருகை ஒழுங்கு நாட்காட்டியோடு ஒத்துப்போனதில்லை. அக்டோபர், நவம்பர் மழையில் பெரட்டு என்னும் காலை ஆளெடுப்பு கலைந்துவிடும். நனைந்த பட்டையில் வெட்டினால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மரமெல்லாம் பரவும்; பால் பிடிக்கும் மங்குக்கு வந்து சேராது. பிப்ரவரியில் தொடங்கி இலை உதிர்ந்து துளிர்க்கும் வரை மரமே பாலைக் குறைத்துக்கொள்ளும். தீபாவளியோ முதல் பஞ்சத்தின் நடுவில் வந்து உட்காரும். பள்ளி ஆண்டு, நெடுங்காலம் ஜனவரியில் தொடங்கியதால், இரண்டு பஞ்சங்களுக்கும் இடையில் வந்து நிற்கும். நாட்காட்டியை வகுத்தவர்கள் தோட்டத்து மக்களைக் கேட்டு வகுக்கவில்லை என்பது தெளிவு. ஆக, பிள்ளை ஆண்டுக் கடைசியில் வளர்ந்துவிடுகிறது, கூலி ஆண்டுக் கடைசியில் குறைந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்பக் கையில் இருந்த ஒரே சொத்து, போன ஜனவரியில் உள்ளே விட்ட நான்கு விரல் துணிதான்.

இதற்குச் சான்று சீருடையிலேயே இருக்கிறது. மலேசியாவில் தொடக்கப்பள்ளி மாணவிக்கு அடர்நீலப் பினாஃபோர், மாணவனுக்கு அடர்நீலக் கால்சட்டை. இடைநிலைப் பள்ளிக்குப் போனால் மாணவிக்குப் பசுநீலம், மாணவனுக்கு ஒலிவப் பச்சை. அடர்நீலம் வெயிலில் வெளுக்கும் நிறம், உள்ளே மடிந்திருக்கும் பகுதியோ வெளுக்காது. ஓர் ஆண்டு கழித்து மடிப்பைப் பிரித்து இறக்கினால் பழைய ஓரம் ஒரு வெள்ளைக் கோடாக நிற்கும், அதன் கீழே புதுத்துணியின் கருநீலம் தெரியும். மூன்றாம் ஆண்டில் கோடு இரண்டாகும். கோடுகளுக்கு இடைப்பட்ட அகலத்தைக் கொண்டு பிள்ளை எந்த ஆண்டில் வேகமாக வளர்ந்தது என்பதைச் சொல்லலாம். கீழே எஞ்சிய மடிப்பைக் கொண்டு வீட்டில் இன்னும் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பதையும் சொல்லலாம். பால்வெட்டுத் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்த தாவரவியலாளர் ரிட்லி, மரத்தைக் கண்டபடி கொத்தாமல், ஒரே வெட்டின் ஓரத்தை நாள்தோறும் மெல்லச் சீவினால் ஆண்டுக்கணக்கில் பால் எடுக்கலாம் என்று நிறுவினார். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மேல் பட்டை போனால் மேற்பார்வையாளரான மண்டோர் சத்தம் போடுவார். வெட்டு கீழே இறங்க இறங்க, மரத்தில் அந்த ஆண்டின் கணக்கு எழுதப்படும். பட்டையை வெயில்நாளில் ஒன்றரை மில்லிமீட்டராகச் சீவிய அதே கை, மழைநாளில் பாவாடை விளிம்பை ஒன்றரை அங்குலமாக இறக்கியது. ரிட்லியின் மரம் புதுப்பட்டை பிடிக்கும், பாவாடை பிடிக்காது. எனவே கூடுதல் கவனம் தேவைப்பட்டது பாவாடைக்கே. அறிவியல் வரலாறு ரிட்லிக்கு மட்டும் சிலை எடுக்க நினைப்பது ஒருதலைப்பட்சம்.

கணக்குகள் பலவகை. கீழ்மடிப்பு சேமிப்புக் கணக்கு, எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம். பாவாடையின் நடுவில் அலங்காரம்போலக் கிடைமட்டமாகப் பிடித்து அடித்த டக்கு நிரந்தர வைப்பு. அழகுக்காக வைத்தது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கையில் மூன்றாம் ஆண்டு முதிர்ச்சியடைந்து இரண்டு அங்குலம் தரும். அக்காவின் சட்டை தங்கைக்கு வருவது கணக்கு மாற்றம். இதில் கைப்பிடித்தம் உண்டு, அக்குளில் பிடித்து அடிக்க வேண்டும். கடைசித் தங்கைக்கு வரும்போது அதே இடத்தில் மூன்று வரிசைத் தையல் இருக்கும். அவள்தான் குடும்பத்தின் முழுக் கணக்கையும் உடம்பில் தாங்குகிறவள், அதற்காக அவளுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. செத்த சட்டையிலிருந்து அறுத்தெடுத்த பட்டன்கள் மைலோ டின்னில் கிடக்கும். எந்தச் சட்டைக்கும் பொருந்தாத ஒரு பெரிய கோட்டுப் பட்டன் அதில் தலைமுறை தலைமுறையாக இருக்கும். அதைத் தங்கக் கையிருப்பு என்று கொள்க. அவசரக் கடன் ஊக்கு. இந்தக் கடைசிச் சமன்பாடு எம் கற்பனையன்று. 1849இல் நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் 15 டாலர் கடனை அடைக்க வழி தேடித்தான் ஒரு கம்பியை வளைத்து வளைத்து ஊக்கைக் கண்டுபிடித்தார். காப்புரிமையை 400 டாலருக்கு விற்றும் விட்டார். கடனில் பிறந்த பொருள் கடனாகவே பயன்படுவதில் வியப்பில்லை. ஊக்குக் கடனை இரவுக்குள் தையலால் அடைக்க வேண்டும். தவறினால் வட்டி விலாவில் குத்தும்.

வங்கிக்குக் கட்டடம் வேண்டாமா என்றால், அதற்குத்தான் தையல் மிஷின். சிங்கர் நிறுவனம் 1850களிலேயே தவணை முறையில் விற்கத் தொடங்கியது. ஒரே தொகையாகக் கொடுக்க முடியாதவர்களுக்கு மாதாமாதம் கட்டும் வழியைக் காட்டி, அந்த வழியாகவே உலகம் முழுவதும் பரவியது. மலாயாவுக்கு வந்த கறுப்பு உடலும் பொன்னெழுத்தும் கொண்ட மிஷின்கள் பல ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தவை. அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது, மிஷின்கள் மூடவில்லை. மலேசியா தவணைக் கொள்முதலுக்குச் சட்டம் இயற்றியது 1967இல். அதற்குள் தோட்டத்து மிஷின்கள் பலவற்றின் கடைசித் தவணையும் கட்டி முடிந்திருந்தது. கடனில் வாங்கிய கருவியைக் கொண்டு சேமிப்பு வங்கி நடத்துவது முரணல்லவா என்று சிலர் கேட்கலாம். எல்லா வங்கியும் பிறர் பணத்தில்தான் நடக்கிறது என்று சொல்லி அப்பால் செல்வோம். இயந்திரங்களை எதிர்த்த காந்தியே 1924இல் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைக் காணப் பொறாத அன்பினால் சிங்கர் அதை உண்டாக்கினார் என்பது அவர் சொன்ன காரணம். சிங்கரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்கள் எந்த மனைவி என்று கேட்பார்கள், ஏனெனில் அவருக்குக் குடும்பங்கள் பல, பிள்ளைகள் இருபதுக்கும் மேல். உள்மடிப்பின் பொருளாதாரம் அந்தப் பிள்ளைக் கணக்கிலிருந்து கிளைத்திருக்கலாம் என்பது ஆராயத்தக்கது.

தைப்பதற்கு ஆகும் நேரத்துக்குக் கூலி போட்டால் இந்த வங்கி நட்டத்தில்தானே ஓடும் என்பது கணக்கர் எழுப்பும் தடை. அவர் மழையை மறந்துவிட்டார். தோட்டத்தில் ஒரு பெண் மிஷின்முன் உட்கார நேரம் கிடைப்பது பெரட்டு கலைந்த மழைக்காலைகளில்தான். அன்று அவளுடைய உழைப்புக்குச் சந்தை விலை சுழியம். கூலி இல்லாத நாளில் செலவில்லாமல் தைக்கிறாள். மழை அதிகமான ஆண்டில் பால் குறையும், தையல் கூடும். ரப்பருக்கும் தையலுக்கும் இருக்கும் இந்தத் தலைகீழ் உறவை வரைகோடாக வரைந்து காட்டலாம். வரைந்தால் நம்பிவிடுவார்கள் என்பதால் வரையவில்லை.

மிஷின் யாருக்குப் போகும் என்ற வாரிசுச் சிக்கலில்தான் மாநிலத்தின் தனித்தன்மை வெளிப்படுகிறது. நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களிடையே மினாங்காபாவ் வழிவந்த அடாட் பெர்பாத்தே வழக்கில் இருக்கிறது. முன்னோர் நிலமும் வீடும் மகள்வழியே இறங்கும். 1909இல் ஆங்கில ஆட்சியே வழக்குநிலச் சட்டம் இயற்றி அதைப் பதிவேட்டில் ஏற்றியது. வேலிக்கு அப்பால் கம்பத்தில் வயல் தாயிடமிருந்து மகளுக்குப் போய்க்கொண்டிருக்க, வேலிக்கு இப்பால் லயத்தில் மிஷினும் அப்படியே போனது. தமிழர் மரபில் சொத்து ஆண்வழி என்று சட்டப் புத்தகங்கள் சொல்லும். அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் மிஷினுக்கு எண்ணெய் போட்டவர்கள் அல்லர். மகன் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் பாபினில் நூல் சுற்றத் தெரியாதவனுக்கு யார் கொடுப்பது? அடாட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து தேடிய பொருள் பங்கிடத்தக்கது என்றும் ஒரு விதி உண்டு. இருவர் கூலியிலும் தவணை கட்டிய மிஷினை எப்படிப் பங்கிடுவது என்று கலங்க வேண்டாம். அண்மைக்காலம் அதையும் செய்து காட்டிவிட்டது: மிஷினின் தலைப்பகுதி மகள் வீட்டு அலமாரிமேல் இருக்கிறது, இரும்புக் கால் ஏதோ ஒரு பழம்பாணிக் காப்பிக்கடையில் பளிங்குப் பலகை தாங்கி நிற்கிறது. மிதிபலகையில் கால் வைத்துக் காப்பி குடிப்பவர் எந்த வங்கியின் கிளையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை அறியார்.

வலுவான மறுப்பு இனிமேல்தான். தோட்ட மக்களுக்கு உண்மையான சேமிப்பு வழிகளே இருந்தன, பாவாடை ஓரத்தைப் போய் வங்கி என்பானேன் என்பர். இருந்தன, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. நல்ல திட்டம், உலகில் இவ்வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று. ஆனால் ஓய்வுக்கால எடுப்பு 55 வயதில்; ஏழு வயதுப் பிள்ளையின் முழங்கால் அதுவரை காத்திருக்காது. அடுத்தது கூட்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் கட்டி, முறைவைத்து எடுக்கும் முறை. முதலில் எடுத்தவர் அடுத்த தோட்டத்துக்குப் பெயர்ந்துவிடுவதும், கூட்டுப் பிடித்தவரே பெயர்ந்துவிடுவதும் இதன் இயல்புகள். 1971இல் கூட்டு நடத்தும் தொழிலுக்கு அரசாங்கம் தடைச் சட்டமே போட்டது. உள்மடிப்புக்கு எதிராக எந்த அரசும் சட்டம் போட்டதில்லை என்பதைக் கவனிக்க. மூன்றாவது, வீட்டிலேயே ரொக்கமாக வைப்பது. தோட்டங்களில் நிர்வாகமே கள்ளுக்கடை நடத்திய காலம் ஒன்று இருந்தது. 1940களில் கள்ளுக்கு எதிராகத் தொண்டர் படை திரண்டதும் அதனால்தான். வீட்டில் இருக்கும் ரொக்கம் மாலை ஆறு மணிக்குள் அந்தப் பக்கம் நடந்துவிடும். பாவாடைக்குள் நான்கு விரலாகத் தைத்துவிட்ட பணத்தை எந்தக் கள்ளுக்கடைக்காரரும் வாங்க மாட்டார். வங்கியின் பாதுகாப்புப் பெட்டகம் திருடனிடமிருந்து காப்பாற்றும். குடும்பத் தலைவரிடமிருந்து காப்பாற்றும் பெட்டகம் இதுவொன்றே.

வட்டி இல்லாத வைப்பும் வைப்பாகுமா என்று மேலும் கேட்பார்கள். வைத்தது நான்கு விரல், எடுப்பதும் நான்கு விரல்; நடுவில் வெளுப்புக் கோடு என்ற வகையில் தேய்மானம் வேறு. இதற்கு விடை, இவ்வங்கியில் வளர்வது வைப்புத்தொகை அன்று, வைப்பாளர். பிள்ளை வளர்ந்ததே வட்டி. தேய்மானத்தை மறைக்க ஒரு தனிக் கலையே தோன்றியது: பழைய மடிப்புக் கோட்டின்மேல் நெளிவு லேஸ் வைத்து அடிப்பது, வேறு நிறப் பட்டை ஒட்டி அதைப் புது மோஸ்தர் என்று சாதிப்பது. பள்ளிச் சீருடையில் லேஸ் வைக்க முடியாது. அங்கே கோடு கோடாகத்தான் நிற்கும், பிள்ளை கூச்சத்தோடு பையை முன்னால் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்தக் கூச்சத்தை ஆய்வாளர் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. கணக்குப் புத்தகத்தை எல்லாரும் படிக்கும்படி உடுத்திக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தவர்கள் பிள்ளைகள்தாம். தோட்டத்துப் பள்ளியில் எல்லார் பினாஃபோரிலும் கோடு இருந்ததால் அங்கே பிழைத்தார்கள். பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போனபோதுதான் கோடில்லாத பாவாடைகளும் உலகில் உண்டு என்று தெரிந்தது.

வரலாற்றில் இவ்வங்கி ஒரு முறை முறிந்திருக்கிறது. 1942 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சியில் துணி இறக்குமதி பெரிதும் நின்றது. மலாயாவில் சொல்லும்படியான நெசவாலை இல்லை. உடுத்திய துணியெல்லாம் கப்பலில் வந்தது. கப்பல் நின்றதும் முதல் ஆண்டில் மடிப்புகள் இறங்கின, இரண்டாம் ஆண்டில் டக்குகள் பிரிந்தன, சேலை இரண்டாகி இருவர் உடுத்தினர், அதன்பின் எடுப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. தோட்டங்களில் சாக்கை வெட்டி உடுத்தினார்கள். தோட்டத்து ஆண்கள் ஆயிரமாயிரமாகச் சயாம் பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் விட்டுப்போன சட்டையைத் திரும்பி வந்து போடவில்லை. அந்தச் சட்டைகளைப் பிரித்துப் பிள்ளைகளுக்குத் தைத்தவர்களைப் பற்றிப் பொருளியல் மொழியில் பேச இக்கட்டுரையாளருக்கு மனமில்லை. போருக்குப் பின் மறுபடி துணி வந்தபோது உள்ளே விடும் அளவு மூன்று விரலிலிருந்து ஐந்து விரலாகப் பெருகியிருந்தால் அதை அச்சம் என்று சொல்லக் கூடாது, கையிருப்பு விகிதம் என்க.

வராக்கடன் பற்றியும் ஒரு சொல். காட்டுச் சட்டை என்னும் வேலைச் சட்டைக்கு உள்மடிப்பு கிடையாது, இருந்தாலும் பிரிப்பதில்லை. ரப்பர் பால் பருத்தியில் பட்டதும் இழைகளுக்குள் புகுந்து உறைந்து, பழுப்பாகிப் பிறகு கறுக்கும், சோப்புக்கு அசையாது. சில மாதங்களில் சட்டை பாதி துணி, பாதி ரப்பர் ஆகிவிடும். கழற்றி நிறுத்தினால் நிற்கும். அந்த நிலையில் ஊசி இறங்க மறுக்கும். எனவே உடைகளுக்கு ஓர் ஆயுட்கால ஒழுங்கு இருந்தது: தீபாவளிக்கு எடுத்தது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும், பிறகு வீட்டுக்கு, பிறகு காட்டுக்கு. கடைசிப் படிக்கு இறக்குமுன் உள்ளே இருக்கிற துணி, பட்டன், ஊக்கு அனைத்தையும் எடுத்துவிடுவார்கள். மூழ்கப்போகும் கப்பலிலிருந்து சரக்கை இறக்கும் இந்த முன்யோசனை பல பெருநிறுவனங்களுக்கு இன்றும் வாய்க்கவில்லை.

ஆயத்த உடை வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்பது இறுதித் தடை. உண்மையே, தோட்டங்களே பழங்கதையாகி வருகின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் அதே மண்ணில் சிரம்பான் 2, ஸ்ரீ செண்டாயான் என்று வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. நீலாய் 3 மொத்தச் சந்தையில் துணி மலைபோலக் கிடக்கிறது, இரவுச் சந்தையில் சட்டை தேநீர்க் காசுக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சட்டையை ஒருமுறை உள்ளே திருப்பிப் பாருங்கள். ஓவர்லாக் அடித்த தையலுக்கு அப்பால் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. தொழிற்சாலை அதிகத் துணியைத் தனக்கே வைத்துக்கொள்கிறது. வாங்குபவருக்குக் கொடுப்பது இருப்பில்லாத கணக்குப் புத்தகம். இடுப்பில் எலாஸ்டிக் இருக்கிறதே, தானாக விரியுமே என்பர். எலாஸ்டிக் எல்லார்க்கும் எப்போதும் தாராளமாகக் கடன் கொடுக்கும், ஆதலால் விரைவில் தளர்ந்துவிடும். ரப்பர் இழையால் ஆன அந்தப் பட்டையைத் தோட்டத்துப் பிள்ளைகள் நம்பாததில் நியாயம் இருக்கிறது; அந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்றைய சிரம்பானில் இவ்வங்கியின் எச்சத்தைக் காண விரும்பும் ஆய்வாளர் பேரங்காடிகளின் மூலையில் இருக்கும் ஆல்டரேஷன் கடைக்குப் போக வேண்டும். நீளமான கால்சட்டையைக் கொடுத்தால் "வெட்டிடட்டுமா, மடிச்சி விடட்டுமா?" என்பார்கள். கூலி இரண்டுக்கும் ஒன்றே. அதற்காகக் கைமாறும் நோட்டில் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான் இரண்டையும் சமமாகவே பார்த்துக்கொண்டிருப்பார். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர் யோசிக்காமல் மடிக்கச் சொல்வார். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெட்டிய துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்வார். இங்கேதான் நம் கோட்பாட்டுக்கு ஒரு சோதனை. கால்சட்டை அறுபது வயது கணவருடையது. அவர் இனி உயரப்போவதில்லை. வளராத வைப்பாளருக்கு எதற்கு உள்மடிப்பு? பழக்கதோஷம் என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். சேமநிதிப் படிவத்தில் வாரிசின் பெயர் எழுத ஒரு கட்டம் இருப்பதை அவர்கள் மறந்தார்கள். விசாரித்தால் அந்தக் கால்சட்டைக்கும் பெயர் குறித்து வைத்த வாரிசு ஒருவர் இருப்பது தெரியவரும். அவர் இப்போது ஐந்தாம் ஆண்டில் படிக்கிறார். இன்னும் ஓர் அடி வளர வேண்டியிருக்கிறது.